அடுத்த மாதம் வரச் சொன்னேன்

இங்கிலீஷில் எனக்கு மிகவும் பிடித்திருந்த சொல் ‘புட் ஆஃப்’. பிடித்திருந்தது என்று இப்போது சொல்லவே கூசுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் அலோர் காஜாவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரை வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான். மழை பிடித்துக்கொண்டால் சாலை வேலையைப் புட் ஆஃப் பண்ணு என்பார். தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து கருவாட்டு வாசம் வந்தால், சாப்பாடே வெறுத்துப்போய்விட்டது என்பதற்கும் அதையே சொல்வார். சாக்குச் சொல்லி என்னைப் புட் ஆஃப் பண்ணாதே என்று கங்காணியிடம் கத்துவார். கங்காணிக்கு ஒன்றும் புரியாது, தலையை மட்டும் ஆட்டுவார்.

டவுனில் தெங்கேராப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் முதுகு கிழிந்த அகராதி வாங்கி வைத்திருந்தேன். கரையிலிருந்து படகு கிளம்புவதற்கும் உடுப்பைக் கழற்றுவதற்கும்கூட அதே சொல் என்று அதில் போட்டிருந்தது. கையால் ஒரு பொருளை அப்பால் வைப்பதிலிருந்துதான் நாளைத் தள்ளிவைப்பதும் வந்திருக்க வேண்டும் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். நம்முடைய ‘தள்ளிப்போடு’ம் அதே கதைதானே. இப்படிப் பண்டிதர் வேலை பார்ப்பதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

அந்த வருஷம் துரை லீவில் போயிருந்தார். ஆபீஸ் என் கையில் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டிய மறுநாள், அம்மை குத்துகிறவர் அடுத்த புதன் வருவதாக டவுனிலிருந்து கடிதம் வந்தது. கங்காணி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“காப்புக் கட்டியாச்சு கிராணி. இந்த நேரத்துல புள்ளைங்க கையில கத்தி படக்கூடாது. ஆத்தா பொல்லாதவ.”

பால்மரத்தில் கத்தி படலாம், அது தினமும் விடியற்காலையில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைக் கங்காணியிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவரோடு மல்லுக்கட்டினால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆள் குறையும், திருவிழா நேரத்தில் எதற்கு வம்பு என்று நினைத்தேன். கடிதத் தாளை எடுத்து, சமயச் சடங்கை முன்னிட்டு இந்தச் சுற்றைப் புட் ஆஃப் செய்ய வேண்டுமென்று அழகான கையெழுத்தில் எழுதினேன். எழுதியதை இரண்டு முறை வாசித்து ரசித்தேன். அடுத்த சுற்று ஒரு மாதம் கழித்துத்தான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பகல் ஒரு பெண் வந்தாள். மூன்றாவது லயத்தில் இருந்தவள், பால்மரம் வெட்டுகிறவள். இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை. கையில் மஞ்சள் கயிறு, காப்பு. முதல் பிள்ளையை ஊரில் அம்மைக்குப் பறிகொடுத்துவிட்டுக் கப்பலேறியவள் என்று எல்லோருக்கும் தெரியும்.

“உம்பாய்ப் பக்கம் அம்மை போட்டிருக்குன்னு மீன்காரர் சொல்றாருங்க ஐயா. இவளுக்கு இன்னும் குத்தலை. நாளைக்கு லோரி டவுனுக்குப் போகுதாமே. ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா ஆஸ்பத்திரிக்குப் போய்க் குத்திக்கிட்டு வந்துருவேன்.”

“காப்புக் கட்டினவங்க எல்லை தாண்டக்கூடாதே” என்றேன். எனக்கு அந்தக் கட்டுப்பாடுகளில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. கைக்கு வந்த சாக்கு, சொல்லிவிட்டேன்.

“ஆத்தாகிட்ட நான் கேட்டுக்கிறேன் ஐயா. அவ கோவிச்சுக்க மாட்டா. நீங்க சீட்டு மட்டும் குடுங்க.”

ஒரு துண்டுக் காகிதம், இரண்டு வரி. பேனா கையில்தான் இருந்தது. கங்காணி காதுக்குப் போனால் என்ன சொல்வாரோ என்ற யோசனை ஒரு பக்கம், ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிற்பார்களே என்ற சலிப்பு ஒரு பக்கம். “அடுத்த மாசம் அவரே இங்க வர்றாரும்மா. அப்ப முதல் பேரா உம் பொண்ணு பேரைப் போட்டு வைக்கிறேன்” என்றேன். அவள் உடனே போகவில்லை. குழந்தை என் மேசைமேல் இருந்த மைக்கூட்டுக்குக் கையை நீட்டியது. அதன் கையை மெல்ல இழுத்து மடக்கிக்கொண்டு போனாள். சொன்னபடியே பட்டியலில் முதல் பெயராக எழுதி வைத்தேன்.

தீமிதி நன்றாகவே நடந்தது. அதற்கு மூன்றாம் நாள் காலை, மூன்றாவது லயத்தில் ஒரு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. யார் வாசல் என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஆபீஸுக்குப் போய் சுகாதார இலாகாவுக்குக் கடிதம் எழுதினேன். அம்மை குத்தும் சுற்றை நான் தள்ளிவைத்ததைப் பற்றிக் கேட்பார்களே என்ற பயம் வந்தது. சின்னம்மையாகக்கூட இருக்கலாம், இரண்டு நாள் பார்ப்போம் என்று இழுப்பறையில் வைத்தேன். இரண்டு நாள் எட்டு நாளாயிற்று. தினமும் இழுப்பறையைத் திறப்பேன், கடிதத்தைப் பார்ப்பேன், மூடுவேன். வேப்பிலை இரண்டாவது வாசலுக்கு வந்தது. பெரட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை, பெரட்டுப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒன்பதாம் நாள் குழந்தை இறந்துபோனது. அன்றுதான் கடிதம் லோரியில் போனது. நான் கோழை, வேறு சொல் கிடையாது.

கடிதம் போன மூன்றாம் நாளே அம்மை குத்துகிறவர் வந்துவிட்டார். கங்காணியே முன்னால் நின்று ஆட்களை வரிசைப்படுத்தினார். என் கையில் பழைய பட்டியல். முதல் பெயரை எப்படிக் கடப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வரிசையின் முதல் ஆளாக அவள் நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

அது பக்கத்து வீட்டுக் குழந்தை.

“இதோட அம்மா எங்கே?” என்று கேட்டேன்.

“மரம் வெட்டப் போயிருக்கா. நாளைக்குத் தூக்கிட்டு வர்றேன்னா.” குழந்தையின் சட்டையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான்தான் பிடுங்கிட்டு வந்துட்டேன்.”