கண் திறக்காதவர் தலைமாட்டில்

சபைக் குடும்பத்தாரே, ஆண்டவர் எங்களுக்குச் செய்ததை எழுதித் தரும்படி பலமுறை கேட்டீர்கள். எழுத உட்கார்ந்தால் அழுகை வருமே என்று தள்ளிப்போட்டேன். இப்போதும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

1994-ஆம் வருஷம், ஐப்பசி மழைக்காலம். சூலூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலைக்கு இருந்தோம். காலையில் மாட்டுக்குச் சோளத்தட்டு உருவப் போன என் வீட்டுக்காரர் தேவராஜை, தட்டுப்போருக்கு அடியில் கிடந்த நாகம் கையில் கடித்துவிட்டது. தோட்டத்துக்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓடினோம். பாதி வழியிலேயே இமை தொங்கிவிட்டது. "சரசு, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றார். அதற்குப் பிறகு நாக்கு எழவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மூச்சும் அடங்கிவிட்டது.

விஷமுறிவு ஊசி போட்டார்கள். தொண்டையில் குழாய் விட்டார்கள். மூச்சு மெஷின் வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டி என் கையில் கொடுத்தார் நர்சம்மா. "விடாம அமுக்குங்கம்மா. நீங்க நிறுத்துனா அவரு மூச்சும் நின்னுரும்." அப்போதெல்லாம் கூட வந்த சொந்தக்காரர்கள்தான் மாற்றி மாற்றி அமுக்குவார்கள். எனக்கு மாற்ற ஆள் இல்லை.

நான் வாய் ஓயாதவள் என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஜெபம்கூட வரவில்லை. "ஏசப்பா, ஏசப்பா, யாரையாவது அனுப்புங்க." அவ்வளவுதான் வந்தது.

வந்தது என் அண்ணன். என் வீட்டுக்காரர் முடிந்துவிட்டார் என்று ஊரில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். புருஷன் செத்தால் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். மஞ்சப்பையில் சேலையோடு வந்த அண்ணன், கட்டிலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "மாப்ளே! எந் தங்கச்சிய இப்படி உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே! கோடிச் சேல கொண்டார வெச்சுட்டீங்களே!" அந்த மஞ்சப்பையைக் கட்டில்மேலேயே வைத்தார். எனக்குக் கண் இருட்டியது. அமுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

பக்கத்துக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து ஓடி வந்தார். காரமடைக்காரர், பெயர் ரங்கம்மா. மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட அவர் வீட்டுக்காரரும் நினைவில்லாமல்தான் கிடந்தார்.

ரப்பர் பையை என் கையிலிருந்து பிடுங்கி அமுக்கிக்கொண்டே அண்ணனைப் பார்த்தார். "ஏனுங்க, அழுகறதுன்னா வெளிய போயி அழுங்க. இங்க உசுரோட ஒரு மனுசன் படுத்திருக்காரு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மணி, மூச்ச நாம் பாத்துக்கறேன். நீ அவருகிட்டப் பேசு."

"கண்ணே தொறக்கலீங்களே அக்கா. கேக்குமாங்க?"

"பாம்பு கடிச்சவங்களுக்குக் காது கேக்குமாம் கண்ணு. இமையத் தூக்கத்தான் தெம்பு இருக்காதுன்னு நர்சம்மா சொன்னாங்க. இந்நேரம் கண்ணுக்குத் தெரியாத சாமிகிட்டப் பேசிட்டு இருந்தியே, இவருகிட்டப் பேசறதுக்கென்ன?"

"என்னத்தப் பேசறதுங்க?"

"கலியாணம் ஆன நாளா என்னத்தப் பேசுனியோ அதையே பேசு. இன்னிக்குத்தான் எந்திரிச்சுப் போக முடியாமக் கெடக்காரு. உடாதே!"

அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பேசினேன். செவலை மாடு பால் கறக்க விடாததை, கூரை ஒழுகுவதை, அவரிடம் பிடிக்காததை எல்லாம் பேசினேன். நடுநடுவே சத்தமாக ஜெபித்தேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ரப்பர் பையை வாங்கிக்கொண்டார். அப்புறம் அவர் கை ஓயவேயில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரரின் விரல் அசைந்தது. அன்று சாயங்காலமே ரங்கம்மா அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார்.

 அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "நானும் அவருகிட்டப் பேசிட்டேதான் இருந்தேன் அம்மணி. கேட்டிருக்குமா?" என்றார். நான் அழுதேன்.

குழாயை எடுத்ததும் என் வீட்டுக்காரர் கம்மிய குரலில் சொன்னார். "உங்கண்ணன் அழுதது கேட்டுச்சு. சேலை வந்ததும் தெரிஞ்சுது. நாஞ் செத்துட்டேன்னே நெனச்சேன். அப்புறம் நீ செவல மாட்டப் பத்திப் பேசுன. செத்தவங்கிட்ட மாட்டப் பத்தி யாரு பேசுவா? சரி, இருக்கறேன்னு நெனச்சுக்கிட்டேன்."

இதைச் சொல்லவென்றே காரமடைக்குப் போனேன். ரங்கம்மா அக்கா வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவருக்கும் கேட்டிருக்கும்" என்றார்.

என் ஜெபத்துக்குப் பதில் தந்தவர் அந்த அக்காவின் கண்ணீரை ஏன் அப்படி விட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேசவும் மாட்டேன். எனக்காக அந்த அக்காவை எழுப்பி அனுப்பியது என் ஆண்டவர் என்பது மட்டும் தெரியும். அதற்கு நான் சாகிறவரைக்கும் நன்றி சொல்வேன்.

அதிலிருந்து வாரம் ஒருநாள் அந்த வார்டுக்குப் போய் உட்காருகிறேன். சிலர் பிழைக்கிறார்கள். பலர் பிழைப்பதில்லை. பிரியமானவர்களே, உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் ஆண்டவரை நம்பிக் கூப்பிடுங்கள், ஆள் அனுப்புவார். வருகிறவருடைய சொந்தமும் அங்கே ஒரு கட்டிலில் கிடக்கும். உங்கள் கை ஒழிந்ததும் அந்தக் கட்டில் பக்கத்தில் போய் உட்காருங்கள்.