பாட்டிலின் மேல் கைவைத்து ஜெபித்தேன்

எலும்புக்கான மருந்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் குழந்தை சீக்கிரம் எழுந்து நிற்கும் என்று நம்பியவன் நான். திருமுடிவாக்கம் பட்டறையில் இரும்பு கேட் செய்கிறேன். வெல்டிங்கில் ஒரு சுற்று கூடுதலாக வைத்தால் கேட் உறுதியாகும். மகளையும் கேட் என்றே நினைத்துவிட்டேன்.

தொண்ணூறாம் வருஷ வாக்கில் மேற்குத் தாம்பரத்தில் இருந்தோம். மகள் கிரேஸுக்கு ஒன்பது மாதம். எலும்பு பலமில்லை என்று வைட்டமின் டி மருந்து எழுதிக் கொடுத்தார்கள், தினம் சில சொட்டு. சொட்டு அளக்கும் குழாய் அந்த வாரமே என் காலடியில் உடைந்தது. ஸ்பூனுக்கு மாறினேன். மனைவி எஸ்தரிடம் சொல்லவில்லை. திட்டுவாள்.

எங்கள் வீட்டில் ஜெபிக்காமல் மருந்து கொடுப்பதில்லை. பாட்டிலின் மேல் கைவைத்து, "ஆண்டவரே, இது வேலை செய்யட்டும்" என்பேன். நன்றாகவே செய்தது. சில வாரத்தில் வாந்தி, மலச்சிக்கல். பால் வேண்டாம், தண்ணீருக்கு மட்டும் தாவுவாள். மூத்திரத் துணி மாற்றி மாளவில்லை. உடம்பு துவண்டது. நான் என்ன செய்தேன்? இன்னும் அரை ஸ்பூன் கூட்டினேன்.

ஒரு ஞாயிறு ஆராதனையில் என் தோளில் கண் திறக்காமல் கிடந்தாள். ஊரையே கிண்டல் செய்கிற வாய்க்கு ஜெபம் வரவில்லை. "எனக்குத் தெரியல ஆண்டவரே, நீரே காட்டும்." அவ்வளவுதான்.

பின்வரிசை அக்கா ஒருவர் தோளைத் தட்டினார். "இன்னா தம்பி, புள்ள இப்டி கீது, பாட்டு பாடிக்கினு நிக்கிற? ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "கால்சியம் ரொம்ப ஏறியிருக்கு. கிட்னி கெட்டுடும். வீட்ல கொழந்தைக்கு என்னென்ன குடுக்கறீங்களோ, எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"எத்தனை சொட்டு?"

"சொட்டு இல்லீங்க. ஸ்பூன்."

"ஸ்பூனா?" என்றாள் பக்கத்தில் நின்ற எஸ்தர். அன்று அவள் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பிரியமானவர்களே, நான் கேட்டது மருந்து பலிக்க. அவர் தந்தது அந்த மருந்தை என் கையிலிருந்து பிடுங்கும் ஓர் ஆள். ஸ்தோத்திரம். நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள், அவர் யார் வாயால் சொன்னாலும் எழுந்து போங்கள். இன்று என் வீட்டில் டாக்டர் சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு துளி கிடையாது. அளப்பவள் எஸ்தர்.

அளவு மீறிய வைட்டமின் டி-தான் கால்சியத்தை ஏற்றியது என்று அன்றே பாட்டிலை நிறுத்தினார்கள். சலைன் ஏற்றினார்கள். கால்சியம் இறங்கப் பல வாரம் ஆனது. கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றரை வயதில் கிரேஸ் நடந்தாள்.