மஞ்சள் துணி கட்டிய வேம்பு

இன்று கரையான்சாவடியில் உச்சிவெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் சலித்துக்கொண்டார்: "ஒதுங்கி நிக்க ஒரு மரம் கூட இல்ல பாருங்க சார்."

இரண்டு இருந்தன என்றேன்.

எழுபதுகளில் அம்பத்தூர் வேலைக்கு நான் பஸ் ஏறியதே அந்த நிழலில்தான். வேம்பு ஒன்று, புளி ஒன்று. புளி நல்ல திடமான மரம். வேம்பு உள்ளே கூடாகிவிட்டது. தட்டினால் காலி டின் போல ஒலிக்கும்.

மழைக்காலத்துக்கு முன் வேம்பை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அதன் அடியில் டீக்கடை போட்டிருந்த அண்ணாத்தே ஒரு மஞ்சள் துணியைச் சுற்றிக் குங்குமமும் வைத்துவிட்டார். பெண்கள் கற்பூரம் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

வெட்ட வந்த மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "ஆத்தா கீற மரம் நைனா. நான் கை வெக்கமாட்டேன்."

"அப்போ இன்னா பண்ணப்போற?" என்றார் டீக்கடைக்காரர்.

"சும்மா திரும்பிப் போனா ஆபீஸ்ல உடமாட்டாங்க. பக்கத்து மரத்த வெட்டிகினு போறேன்."

புளியமரம் சாய்வதை டீ குடித்துக்கொண்டே பார்த்தோம்.

அந்த மழையிலேயே வேம்பு டீக்கடை மேல் விழுந்தது. நல்லவேளை, கடையில் ஆள் இல்லை.

கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னார்: "புளியமரத்துக்கும் ஒரு துணி கட்டியிருக்கலாமே சார்?"

கட்டியிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உங்கள் தெருவிலும் மஞ்சள் துணி கட்டிய மரம் இருக்கும். கும்பிட்டுவிட்டு ஒருமுறை தட்டியும் பாருங்கள். என்ன சத்தம் வருகிறது என்று கீழே எழுதுங்கள்.