உம் கொட்டாத போன்

போனில் தேடுவதை எளிதாக்கிவிட்டோம் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கு எளிதாக்கினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் குடியிருக்கும் என் மகள் பொங்கலுக்கு வந்தபோது எங்கள் போனையும் எளிதாக்கிவிட்டுத்தான் போனாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். முகப்பிலேயே ஒரு மைக் படத்தை வைத்தாள். "இனிமே தட்டவே வேண்டாம்ப்பா. மைக்கைத் தொட்டுட்டு என்ன வேணுமோ கேளுங்க, அதுவே தேடிக் குடுக்கும்" என்றாள் அவள் அப்பாவிடம். என் வீட்டுக்காரருக்கு ஏக சந்தோஷம். பேசக் கிடைத்தால் போதும் அவருக்கு.

ஆனால் அவர் பேசுகிற விதம் ஒன்று இருக்கிறது. எங்கள் சேந்தமங்கலம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். யாரிடம் எதைக் கேட்டாலும் ஊரைச் சொல்லி, ஆளைச் சொல்லி, பிறகுதான் சங்கதிக்கு வருவார். ஒவ்வொரு பேச்சுக்கும் நிறுத்துவார். எதிராளி "உம்" கொட்டினால்தான் அடுத்தது வாயிலிருந்து வரும்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் சினை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்தில் புகுந்து குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் தழையைத் தின்றுவிட்டது. அந்தத் தழை மாட்டுக்கு விஷம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வாயில் நுரை தள்ளி, மூச்சு இரைக்க, கால் தடுமாறி நின்றது. வீட்டில் இருப்பது அந்த ஒரு மாடுதான்.

"மாட்டு டாக்டருக்குப் போனைப் போடுங்க!" என்று கத்தினேன்.

"ஞாயித்துக்கெழம, சோறு திங்கற நேரம். பாவம், அவரைப் போயி எதுக்கு? வெல்லத் தண்ணி ஊத்துனாக் கேக்குமான்னு இதுல பாத்துப்போடலாம்" என்றபடி மைக்கைத் தொட்டார்.

"ஏனுங்க, நாங்க சேந்தமங்கலத்துக்குப் பக்கமுங்க" என்று சொல்லி நிறுத்தினார்.

அது உம் கொட்டவில்லை. அவர் பேசி முடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு சேந்தமங்கலத்துப் பேருந்து நேரங்களைக் காட்டியது. மறுபடியும் தொட்டார். "நம்மளுது ஒரு செனை மாடுங்க." நிறுத்தினார். மாடுகள் விற்பனைக்கு என்று வரிசையாகப் படங்கள் வந்தன. "செத்த பொறுங்க, இன்னும் சொல்லி முடிக்கல" என்று அதனிடமே மன்றாடினார். அதையும் தேடத் தொடங்கியது.

போனைப் பிடுங்கினேன். "மாடு குச்சிக்கிழங்குத் தழை தின்னுருச்சு" என்று ஒரே மூச்சில் சொன்னேன். மகள் பெரிதாக்கி வைத்த எழுத்தில் திரைக்கு இரண்டு வரிதான் தெரிந்தது. இரண்டும் விளம்பரம். தள்ளினால் கிழங்கு வறுவல் செய்முறை. இன்னும் தள்ளி ஒன்றைத் தொட்டால், இருக்கும் இடத்தைச் சொல் என்றது, செயலியை இறக்கிக்கொள் என்றது. அதை மூடுகிற பெருக்கல் குறி மட்டும் கடுகளவு. என் விரலுக்கு அகப்படவே இல்லை. அதற்குள் மாடு முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒருவழியாகத் திறந்த அந்தப் பக்கம் சொன்னது இதுதான்: உடனடியாகக் கால்நடை மருத்துவரை அழைக்கவும்.

இதைத்தானே நான் முதலிலேயே கத்தினேன்!

நானே அழைத்தேன். "ஒண்ணும் ஊத்தாதீங்கம்மா, இந்தா வாரேன்" என்றார் டாக்டர். சாப்பிட்ட கையின் ஈரம் காயாமல் வண்டியில் வந்து இறங்கி ஊசி போட்டார். சாயங்காலம் மாடு எழுந்து நின்றது. "கொஞ்சம் தின்னதால தப்பிச்சுது. மொதல்லயே கூப்புட வேண்டியதுதானுங்களே?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

சங்கதியைக் கேட்ட மகள், "நடுவுல நிறுத்தாம ஒரே மூச்சா பேசணும்ப்பா" என்று அவருக்குப் பாடம் எடுத்தாள்.

"மூச்சு உடாமப் பேசறதுக்கு நானென்ன ஏலமா உடறேன் சாமி?" என்றார் இவர்.

அந்த மைக் படத்தை எடுத்தெறிந்துவிட்டு, அதே இடத்தில் டாக்டரின் எண்ணை வைத்தேன்.

போன வாரம் மாடு கன்று போட்டது. நல்ல சேதியைச் சொல்ல என் வீட்டுக்காரர் அந்த எண்ணைத் தொட்டார். எங்கள் வாசல்வரை வந்து மாட்டைப் பிழைக்க வைத்த மனிதரிடம், "ஏனுங்க, நாங்க சேந்தமங்கலத்துக்குப் பக்கமுங்க" என்று ஆரம்பித்து, நிறுத்தினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, "உம்" என்று கேட்டது.