எங்கிட்ட சொல்லுங்க

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை கட்ட எனக்குத் தெம்பில்லை. சுதந்திரத்துக்குச் சில வாரங்களே இருந்தன. மலாக்கா முழுக்கக் கொடி தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் ரப்பர் கிடங்கில் ஜாகா. இரவெல்லாம் காவல், பகலில்தான் உறக்கம். பெயர் பொன்னுதுரை. எழுதத்தான் முடியும், வாயால் சொல்ல மாட்டேன். தூங்கினால் அவருக்கு மூச்சு நின்றுவிடும்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் பட்டையும் மூக்கில் குழாயும் மாட்டித் தூங்கவைத்தார்கள். கரி பூசிய தாளில் இரண்டு ஊசிகள் கோடு இழுத்தன. டிரெஸ்ஸர் ராஜரத்தினம் எனக்குக் காட்டினார்.

“தொண்ட அடச்சிருந்தா மூக்குக் கோடு நிக்கும், நெஞ்சுக் கோடு துடிக்கும். இவருக்கு ரெண்டும் படுத்துடுது. வழி தொறந்துதான் இருக்கு. ஒடம்பு மூச்சு இழுக்கவே பாக்கல.”

“ஏங்கய்யா?”

“தெரியலம்மா. நின்னா தட்டி விடுங்க. விட்டுட்டா ஒரு நாள் வராமலே போயிடும்.”

அன்றிலிருந்து இரவெல்லாம் ஊரார் துணி துவைப்பேன். பகல் முழுக்க, தூங்கும் அவர் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன். காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டின் பின்னறைதான் எங்கள் குடித்தனம்.

அன்று நல்ல வெயில். கண் சொக்கியது.

“தொர...”

பின்கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல். மெதுவாக.

என் கைக்குக் கீழே நெஞ்சு நின்றது. தட்டினேன். மூச்சு வந்தது.

“தொர...”

மறுபடி நின்றது. தட்டினேன்.

அப்போதுதான் உறைத்தது. குரல் வந்த பிறகுதான் மூச்சு நிற்கிறது... யாரோ கூப்பிடுவதை மூச்சடக்கிக் கேட்பவர் மாதிரி.

கதவுக்கு அடியில் வெயில் தெரிந்தது. நிழல் இல்லை.

“தொர...”

தட்டினேன். வரவில்லை.

உலுக்கினேன்...

வரவில்லை.

பயப்படவும் தெம்பு வேண்டுமே! எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான் வந்தன. ஆனாலும் வாசலில் நிற்பவரைப் ‘போ’ என்று சொல்லிப் பழக்கமில்லை.

“அவரு தூங்குறாரு. எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க. போயிட்டு வாங்க.”

சத்தமில்லை.

அவர் நெஞ்சு ஏறி இறங்கியது.

அதன் பிறகு ஒரு தரமும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் திரும்பவும் மாட்டிப் பார்த்தார்கள். இரண்டு கோடும் ஒழுங்காக ஓடின. மதியத்தில் நானும் அவர் பக்கத்திலேயே படுத்து அடித்துப் போட்டது போலத் தூங்கினேன்.

ஒரு நாள் சோறு போடும்போது கேட்டேன்.

“ஒங்கள யாரு தொரன்னு கூப்புடுவாங்க?”

அவர் கை சோற்றிலேயே நின்றது.

“எங்கக்கா அஞ்சலை. ஜப்பான்காரன் காலத்துல, எஸ்டேட்ல எம்பக்கத்துல படுத்திருந்தா. தூக்கத்துலயே மூச்சு நின்னுடுச்சு. ஏன் கேக்குற?”

சொன்னேன். என்ன சொல்லி அனுப்பினேன் என்பதையும் சொன்னேன்.

தட்டைத் தள்ளி வைத்தார்.

“ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன் ருக்மணி. இப்ப தூங்கும்போது ஒனக்குத்தான் மூச்சு நிக்குது. நாந்தான் தட்டி விடுறேன்.”