ஒரே பக்கமாகப் போன கோடு

எங்கள் வீட்டின் பின்னறைக்குத் தரை போட வேண்டியிருக்கவில்லை. மலைப்பாறையே தரை. கரியாலூருக்கு மேலே, சரிவில், அப்பா அந்தப் பாறையின் மீதே சுவர் எழுப்பியிருந்தார். விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலைகளைத் தேடும் கருவிகளுக்குள் நிலத்தின் அசைவு எப்படிப் புகுகிறது என்று அளப்பது என் ஆராய்ச்சி. பஸ்ஸும் லாரியும் இல்லாத, பாறைத் தரை உள்ள இடம் வேண்டும் என்று பேராசிரியர் சொன்னபோது, "எங்க வீட்டிலேயே இருக்கு சார்" என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்கு இருந்த கர்வம் இப்போதும் குறையவில்லை.

கருவி மேசையளவுதான். லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு கண்ணாடிகளுக்கு அனுப்பி, திரும்பி வருவதைச் சேர்ப்போம். சேருமிடத்தில் வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் விழும். ஒரு கண்ணாடி கம்பியில் தொங்கும். தரை மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலும் வரிகள் நகரும். கணினியில் அது ஒரு கோடாக ஓடும். நாங்கள் தேடும் அலையைத் தவிர மற்ற எல்லா அசைவுக்கும் எங்கள் ஆராய்ச்சி பாஷையில் இரைச்சல் என்று பெயர். வீட்டில் அதை எப்படி விளக்குவது? "சத்தம் இருந்தா அளவு கெட்டுடும்" என்றேன்.

அந்தச் சொல்லை அவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அம்மா பாத்திரங்களைச் சாக்கின் மேல் வைத்தாள். ஆட்டின் கழுத்து மணியை அப்பா கழற்றினார். கீழ்வீட்டு அத்தை வாசலில் நின்று, "இன்னா அண்ணே, தும்மறதுக்குக்கூட உம் பொண்ணாண்ட பர்மிசன் வாங்கணுமா?" என்றாள்.

"மெதுவா பேசு. மிஷினு கேட்டுக்கினு இருக்குது" என்றார் அப்பா, முகமெல்லாம் பெருமையாக.

பிறகு மழை பிடித்தது. அதுவரை கோடு வெயிலில் ஒரு பக்கம் போகும், குளிர்ந்ததும் திரும்பி வரும். மழைக்குப் பின் போனது திரும்பவில்லை. மறுநாள் அதே பக்கம் இன்னும் கொஞ்சம் போனது. சரிவு இறங்கும் பக்கம். பேராசிரியரிடம் போனில் கேட்டேன். "மெதுவான நகர்வு நமக்கு வேண்டாம்மா, கணக்குல கழிச்சிடு" என்றார். எனக்குக் கழிக்க மனம் வரவில்லை. திருகுகளை இறுக்கினேன், பேட்டரியை மாற்றினேன். கோடு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

மழை விட்ட ஒரு மதியம் பின்னறைக் கதவைத் தள்ளினேன். பாதிக்கு மேல் திறக்கவில்லை. குனிந்தால், அடியில் பழைய புடவைத் துணி.

"கதவு தரையில ஒரசி கிரீச்சுனு கத்துதும்மா" என்றாள் அம்மா, ரகசியம் பேசுவதுபோல. "மிஷினுக்கு ஆவாதுன்னு துணி வெச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"மழ புடிச்சதுலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நீதான சத்தமே கூடாதுன்ன?"

அப்பா அடுப்படிச் சுவரைக் காட்டினார். கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. கொத்திப் பூசினால் சத்தம் வரும் என்று, என் வேலை முடியட்டும் என விட்டுவைத்திருந்தார். அதுவரை காலண்டர் அதை மறைத்துத் தொங்கியிருந்தது.

"இப்பவே கெளம்பணும்பா."

"இன்னாத்துக்கு? பாற எங்கம்மா போவும்? நம்ம வூடே பாற மேலதான இருக்குது."

"பாறதாம்பா போவுது."

அவர் என்னைப் பார்த்தார். கணினித் திரையைப் பார்த்தார். அதில் இருப்பது அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதற்குப் படிப்பு தேவையில்லை. போய் ஆட்டை அவிழ்த்தார். நான் கீழ்வீட்டுக்கு ஓடினேன். அத்தை இந்த முறை கேலி செய்யவில்லை.

இப்போது எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கிறோம். மறுபடி மழை. வீடு இன்னும் நிற்கிறது. கருவியை நான் நிறுத்தவில்லை. அது அனுப்பும் கோடு என் போனில் வந்துகொண்டிருக்கிறது. அதே பக்கமாக, காலையில் போனதைவிட வேகமாக.

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதருகே, "இன்னாம்மா சொல்லுது?" என்றாள்.

"இங்க சத்தமா பேசலாம்மா" என்றேன்.

அவள் அப்போதும் குரலை உயர்த்தவில்லை.