மூன்றாவது கூப்பாடு

ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் லாட்ஜு விரிப்புகளையும் வெளுத்துத் தரும் சலவைக் கூடம் அது. அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஒருநாள் மேஸ்திரி வேலை கிடைத்தது. ஒரு மாதம் பார்க்கலாம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார் முதலாளி. அவ்வளவுதான், ஐயாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேஸ்திரி என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பழைய மேஸ்திரியைப் பார்த்தே படித்து வைத்திருந்தான். அந்த மனுஷன் யார் கூப்பிட்டாலும் முதல் தடவை திரும்பமாட்டார். இரண்டாவது தடவையும் ஊஹூம். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினால், மெதுவாகத் தலையைச் சாய்த்து "என்ன?" என்பார். என்ன கெத்து, என்ன கெத்து என்று இவன் வாயைப் பிளப்பான். மெஷின் இரைச்சலில் அவருக்குக் காது மந்தமாகிப்போனது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். இவனுக்கும்தான் தெரியும். ஆனால் தெரிந்ததையும் பார்த்ததையும் ஒன்றாக வைத்து யோசிக்க, தலைக்குள் கொஞ்சமாவது ஆள் நடமாட்டம் வேண்டுமே!

பதவி வந்த அன்றே படித்த படிப்பை அவிழ்த்துவிட்டான். துணி மடிக்கிற மேஜையில் இருந்தவள் அவன் கூடப்பிறந்த அக்கா.

"தம்பி, சோப்பு தீந்துபோச்சு."

அசையவில்லை.

"டேய், உன்னைத்தான்! காதுல என்ன பஞ்சா?"

சுவரைப் பார்த்தான்.

"மேஸ்திரி ஐயாவே!"

தலை சாய்ந்தது. "என்ன?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தானேடா இருந்தே?"

நல்லவன்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அவர்கள் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வான். கற்றதுதான் கோணல்.

மாதக் கடைசியில் முதலாளி வந்து நின்றார். அன்று பார்த்து, சூடான இஸ்திரி உருளையில் ஒரு புது விரிப்பு சிக்கிக்கொண்டது. சுவிட்சு இவன் கைக்குப் பக்கத்தில்.

"தம்பி, நிறுத்து!" என்றாள் அக்கா.

முதலாளி பார்க்கிறாரே! இப்போது காட்டாத கெத்தை எப்போது காட்டுவது? நெஞ்சை நிமிர்த்தினான்.

"நிறுத்துடா பாவி, கருகுது!"

முகவாயைத் தடவினான்.

மூன்றாவது கூப்பாடு முதலாளியுடையது. அதற்குள் கூடம் முழுக்கப் புகை.

மேஸ்திரி வேலை அங்கேயே, அப்போதே அக்காவுக்குப் போனது. இவன் பழையபடி இஸ்திரிக்கு.

வீட்டுக்கு நடக்கும்போது அக்காவுக்கு ஆறவில்லை. "பழைய மேஸ்திரிக்குக் காது கேக்காது. உனக்கு என்னடா கேடு? அவர் ஏன் அப்படி நின்னாருன்னு ஒரு தடவையாவது யோசிச்சியா?"

அவன் யோசித்தான். தெருமுனை வரை யோசித்தான். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"புரிஞ்சுபோச்சுக்கா. மூணு தடவைங்கிறது ஜாஸ்தி. ரெண்டாவதுலயே திரும்பியிருக்கணும்."

அக்கா நடையை எட்டிப் போட்டாள்.